ஹலோ என்ற காதலி

"அம்மா, உன் காதலி கதைக்கு கிளாஸே கை தட்டிச்சு," என்றாள் மகள், ரொட்டியைப் பாலில் தோய்த்துக்கொண்டே.

காலை எட்டேகால். மூன்று நாள் காய்ச்சலும் அதற்குப் பிந்தைய சிணுங்கலும் முடிந்து வீடு அன்றைக்குத்தான் ஒரு ஒழுங்குக்கு வந்திருந்தது. அம்மாக்காரி ஒரு கையால் கொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சாப்பாட்டு டப்பாவை மூடப் பார்த்தாள். டப்பா அடம்பிடித்தது. அவளும் விடுவதாக இல்லை.

"எந்தக் காதலிடி?"

"அதான் ஹலோ! போனைக் கண்டுபிடிச்சவரோட காதலி பேரு ஹலோன்னு நீ எழுதியிருக்கியே. முதல் தடவை போன் பண்றப்ப அவ பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாராம். அதனாலதான் நாம எல்லாரும் இன்னும் ஹலோங்கறோமாம். நேத்து நான் சொன்னேன், டீச்சர் அதை அப்படியே போர்டுல எழுதினாங்க. எல்லாரும் நோட்டுல எழுதிக்கிட்டோம்."

கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. அவள் கவனிக்கவில்லை.

"அதை நீ எங்க பார்த்தே?"

"உன் ஆபீஸ்லேர்ந்து பழுப்புக் கவர் வந்துச்சே. படுத்தே கிடக்க போர் அடிச்சுது. பிரிச்சுப் படிச்சேன்." தப்பு ஏதோ நடந்துவிட்டது என்று குழந்தைக்கு அம்மாவின் முகத்திலேயே தெரிந்துவிட்டது. "பிரிக்கக் கூடாதாம்மா?"

பிரித்திருக்க வேண்டியவள் அம்மாதான். கவர் வந்தது செவ்வாய்க்கிழமை. அன்றைக்குக் காய்ச்சல் நூற்றி மூன்று. ஈரத்துணியும் கையுமாக உட்கார்ந்திருந்தவள், பிறகு பார்க்கலாம் என்று அதைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் செருகிவிட்டாள். இப்போது ஓடிப்போய் உருவினாள். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில–தமிழ் அகராதி, ஒரே தாளில் அச்சாகும் பதினாறு பக்கங்கள் கொண்ட ஒரு பாரத்தின் கடைசி மெய்ப்பு. மூன்றாம் பக்கத்தின் அடியில், 'சொல் பிறந்த கதை' என்ற கட்டத்துக்குள், அழகான எழுத்தில், அந்தக் காதலி சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கத்தில் இரண்டு கையெழுத்துகள். 'எழுதினேன்' என்ற இடத்தில் அவளுடையது. 'பார்த்தேன்' என்ற இடத்தில் தலைமைப் பதிப்பாசிரியருடையது. அதன்மேல் சிவப்பு முத்திரை: வெள்ளி, காலை ஒன்பது, அச்சு மிஷின்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

சீப்பும் கையுமாக வந்த கணவர் அவளைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு, யாராவது போயிட்டாங்களா?" என்றார்.

"நான்தான்," என்றாள் அவள்.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் சான்று. எதைச் சொன்னாலும் 'சான்று எங்கே?' என்று கேட்டே வாங்கிய பெயர் அது. வெளியே மழை பெய்கிறது என்று சொன்னால்கூட ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருவாள் என்று கேலி செய்வார்கள். பெண் பார்க்க வந்தபோது என் பட்டச் சான்றிதழின் அசலைக் கேட்டாள் என்று கணவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். அதில் பாதி பொய். அவள் கேட்டது நகல்தான்.

அந்தச் சான்று செய்த காரியம் இது.

அகராதி அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கட்டத்துக்கு உரிய செய்தி இன்னும் சரிபார்த்து முடியவில்லை என்றால், பக்கம் அமைப்பவருக்கு இடத்தின் அளவு தெரிவதற்காக அங்கே வேறு எதையாவது தட்டிவைப்பார்கள். அந்த 'வேறு எதையாவது' கட்டாயம் மளிகைப் பட்டியலாக இருக்க வேண்டும் என்பது தலைமைப் பதிப்பாசிரியரின் உத்தரவு. சோப்பு இரண்டு, துடைப்பம் ஒன்று, தீப்பெட்டி ஒரு கட்டு. இடம்பிடிக்கப் போடும் எழுத்தைப் பார்த்ததுமே அது அங்கே இருக்கக் கூடாதது என்று எந்த முட்டாளுக்கும் தெரிய வேண்டும் என்பார் அந்த அம்மாள். பதினெட்டு வருடமாக ஒருவரும் மீறியதில்லை.

திங்கட்கிழமை சான்று மீறினாள். ஹலோவுக்கான உண்மைக் கதை அவளிடம் குறிப்பு அட்டையில் தயாராகவே இருந்தது. மூன்று மூலங்களைப் பார்க்க வேண்டும் என்பது விதி, இரண்டைப் பார்த்து முடித்துவிட்டாள், மூன்றாவது புத்தகம் நூலகத்திலிருந்து மதியம் வருவதாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பினான். தினம் ஒரு அரிய தகவல் அனுப்பாவிட்டால் அவனுக்குப் பொழுது விடியாது. அன்றைய தகவல் இந்தக் காதலி. 'இது கூடத் தெரியாம நீங்க என்ன அகராதி போடறீங்க அண்ணி?' என்று கீழே ஒரு குத்தல் வேறு. சான்றுக்குச் சிரிப்பு வந்தது. மளிகைப் பட்டியலுக்குப் பதில் அந்தக் கதையையே கட்டத்தில் தட்டி, திரையைப் படம் பிடித்து, 'உன் காதலி அகராதியில் ஏறிவிட்டாள், ஒரு மணி நேரத்துக்கு மட்டும்' என்று அவனுக்கு அனுப்பினாள். மற்ற பதினைந்து பக்கமும் முடிந்திருந்ததால், எப்படியும் மதியம் மாற்றிவிடப் போகிறோமே என்று பாரத்தில் கையெழுத்தையும் போட்டுவைத்தாள். பத்து நிமிடத்தில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. உங்கள் பெண்ணுக்கு உடம்பு கொதிக்கிறது என்றார்கள். கைப்பையைக்கூட மூடாமல் ஓடியவள்தான், அதன்பின் வியாழன் வரை விடுப்பு, அலுவலகம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது.

இப்போது எல்லாம் சேர்ந்து நினைவுக்கு வந்தது. வரும் திங்கட்கிழமை அவளுக்கு ஒரு கடிதம் வரவிருந்தது. 'பார்த்தேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடும் உரிமை இனி அவளுக்கும் உண்டு என்ற கடிதம். அதற்காகப் பதினொரு வருடம் காத்திருந்தாள். கணவர் அதற்கென்றே ஒரு பேனா வாங்கி அலமாரியில் ஒளித்துவைத்திருப்பது அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாள்.

அச்சகத்துக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. தலைமைப் பதிப்பாசிரியரின் எண் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. ஒன்பதரைக்கு முன் அந்த அம்மாளை எமனாலும் பிடிக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. கடைசியில் பக்கம் அமைப்பவர் எடுத்தார்.

"அது நேத்தே அச்சடிக்கப் பிளேட் போட்டாச்சேம்மா. என்ன விஷயம்?"

சொன்னாள்.

"ஐயோ, அது பட்டியல் இல்லையா? எனக்கு என்ன தெரியும்? நான் எங்க படிக்கிறேன். எனக்கு எழுத்துன்னா சாம்பல் கலர் கட்டம், அவ்வளவுதான். பட்டியலா இருந்தா வரி குட்டை குட்டையா நிக்கும், அசிங்கமா இருக்கும், உடனே கேட்டிருப்பேன். இது பத்தி மாதிரி லட்சணமா இருந்துச்சு."  பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. விட்டுடுங்க. எல்லா போன்லயும் சுத்துற கதைதானே. யாரு கேக்கப்போறா? திங்கக்கிழமை உங்களுக்குக் கடிதம் வந்துடும். அடுத்த பதிப்புல நீங்களே மாத்தி, நீங்களே கையெழுத்துப் போட்டுக்கலாம். இப்ப கிளறினா உங்க தலை மட்டும் போகாது. மேடம் பார்த்தேன்னு போட்டிருக்காங்க. அவங்க பேரும் சேர்ந்து நாறும்."

அவர் நல்ல மனிதர். நல்லதற்குத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நீ போ, பாப்பாவை நான் விட்டுட்டு வர்றேன்," என்றார் கணவர். சான்று இரண்டு கால்களிலும் வெவ்வேறு செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பேருந்து நிறுத்தத்தில்தான் அதைக் கவனித்தாள். திரும்பிப் போக நேரமில்லை.

பேருந்து நகர்வேனா என்றது. ஒவ்வொரு சிக்னலும் இவளுக்காகவே சிவப்பாகக் காத்திருந்ததுபோல் இருந்தது. முன் இருக்கைக்காரர் கைப்பேசியில், "ஹலோ... ஹலோ... கேக்குதா? ஹலோ," என்று மன்றாடிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு பெண், "ஹலோ, காலை மிதிக்கறீங்க," என்றாள். மிதித்தவர், "ஹலோ, கூட்டத்துல அப்படித்தான் இருக்கும்," என்று பதிலுக்கு முறைத்தார். வேறு நாளாக இருந்தால் சான்று பைக்குள்ளிருந்து அட்டையை எடுத்துக் குறித்திருப்பாள். அந்தச் சொல்லுக்கு மட்டும் பதினொரு பயன்பாட்டு அட்டைகள் சேர்த்துவைத்திருந்தாள். வணக்கம் சொல்ல ஒன்று, சண்டைக்கு இழுக்க ஒன்று, ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒன்று, தூங்கி வழிகிறவனை உலுக்க ஒன்று.

உண்மைக் கதை காதலியைவிட நன்றாகவே இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். தொலைபேசி வருவதற்கு ஏறக்குறைய ஐம்பது வருடம் முன்பே அந்தச் சொல் அச்சில் ஏறிவிட்டது. அதற்கும் முன்னால் வேறு வேறு உச்சரிப்பில் அது வெறும் கூவல், தூரத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும் சத்தம். ஆற்றின் அக்கரையில் நிற்கும் படகுக்காரரை 'வந்து கூட்டிப்போ' என்று கூப்பிட்ட பழைய கூவலோடு அதற்கு உறவிருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 'இருக்கலாம்' என்றுதான் அட்டையிலும் எழுதியிருந்தாள். தொலைபேசியைக் கண்டுபிடித்தவருக்கோ அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. மாலுமிகள் கப்பலுக்குக் கப்பல் கூவும் வேறொரு சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கேலிக்காக, இல்லாத ஒருத்தியை ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் தலையில் கட்டப் போகிறாள்.

பக்கம் அமைப்பவரின் யோசனை கூடவே வந்தது. விட்டுவிடு. யார் கேட்பார்கள்? இறங்க வேண்டிய நிறுத்தம் வரை அவள் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் பார்த்தாள். யாருமே கேட்க மாட்டார்கள் என்பது உண்மைதான். டீச்சர் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? அகராதிக்காரம்மாவின் பெண் சொன்னாள், அதனால் கேட்கவில்லை. அந்த நினைப்பு வந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தாள். இறங்கி ஓடினாள்.

அச்சகத்தை அடைந்தபோது ஒன்பது இருபத்தைந்து. மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நீண்ட கூடத்தின் மறுகோடியில் போர்மேன் காதில் காப்பு மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நடுவில் தரையில் மஞ்சள் கோடு. மிஷின் ஓடும்போது வெளியாட்கள் அதைத் தாண்டக் கூடாது. கோட்டின் ஓரத்தில் நின்று, "அண்ணே!" என்றாள். கேட்கவில்லை. "நிறுத்துங்க!" என்றாள். மிஷின் அதை விழுங்கியது. அச்சான தாள்கள் அடுக்கின் மேல் வந்து வந்து விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் அந்தக் காதலி. பக்கவாட்டில் எண்காட்டி நாலாயிரத்து நூற்றிச் சொச்சத்தில் ஓடியது. மொத்தம் நாற்பதாயிரம்.

இரண்டு கையையும் வாயருகே குவித்தாள். அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, "ஹலோஓஓஓ!" என்று கத்தினாள்.

அந்த நீண்ட ஓ எப்படியோ சத்தத்துக்குள் சந்து கண்டுபிடித்துப் போயிருக்க வேண்டும். போர்மேன் திரும்பினார். காப்பைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"என்ன சான்றம்மா, அக்கரையில நின்னு கூப்பிடற மாதிரி கூப்பிடறீங்க?"

"மிஷினை நிறுத்துங்கண்ணே. மூணாம் பக்கம் தப்பு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், மாறிப்போன செருப்புகளைப் பார்த்தார். இரக்கம் வந்தது தெரிந்தது. ஆனால் தலையை ஆட்டினார். "பார்த்தேன்னு போட்டவங்க சொல்லணும்மா. இல்லாட்டி முடியாது. முன்னாடி ஒருத்தர் வந்து, ஒரு கமா பிடிக்கலைன்னு நடு ஓட்டத்துல நிறுத்தினாரு. அன்னைக்கு மேடம் போட்ட சட்டம். எழுதினவங்க சொன்னா நிறுத்தக் கூடாது."

கண்ணாடி அறைக்குள் இருந்த தொலைபேசியை எடுத்தாள். அவசரத்தில் எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினாள். கண்ணாடி வழியாக எண்காட்டி தெரிந்தது. நாலாயிரத்து ஐந்நூறு. மணி போய்க்கொண்டிருந்தது. இன்னும் வைத்துவிடலாம். வைத்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவள் கையே அவளைக் கேட்காமல் ரிசீவரைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டது.

"ஹலோ," என்றார் தலைமைப் பதிப்பாசிரியர். அந்த அம்மாளின் ஹலோ முற்றுப்புள்ளி வைத்த மாதிரி இருக்கும்.

"மேடம், நான்தான். அச்சகத்துலேர்ந்து பேசறேன். ஹலோ கட்டம் பொய் மேடம். இடம்பிடிக்கப் போட்டது. பட்டியல் போடாம விளையாட்டுக்கு அந்தக் கதையைப் போட்டேன். கையெழுத்தும் போட்டுட்டேன். மிஷின் ஓடிட்டிருக்கு."



"எது, அந்தக் காதலி கதையா?"

"ஆமா மேடம்."

"நான் அதை ரசிச்சில்ல படிச்சேன்." குரலில் முற்றுப்புள்ளி காணாமல் போயிருந்தது.

அடுத்த கேள்வியைச் சான்று கேட்க நினைக்கவே இல்லை. இத்தனை வருடப் பழக்கம், வாய் தானாகவே கேட்டுவிட்டது. "மூலத்தை எடுத்துப் பார்த்தீங்களா மேடம்?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எண்காட்டி ஐயாயிரத்தைத் தொட்டது.

"இல்லம்மா," என்றார் அந்த அம்மாள். "பார்க்கல. உன் கையெழுத்தைப் பார்த்தேன். அது போதும்னு இருந்துட்டேன். போர்மேன்கிட்ட கொடு."

மிஷின் நின்றபோது ஏற்பட்ட அமைதி காதை அடைத்தது. போர்மேன் அச்சான அடுக்கின்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்புக் கோடு போட்டார். பிறகு ரிசீவரை அவளிடமே திருப்பித் தந்தார்.

"திங்கட்கிழமை கடிதம் கிடையாது. புரியுதா?"

"புரியுது மேடம்."

"உன் மேல கோபம் இல்லன்னு சொல்ல மாட்டேன். என் மேல அதைவிட இருக்கு. டிராயர்ல இருக்கிற அட்டையை எடுத்துக்கிட்டு நேரா என் ரூமுக்கு வா. மூணு மூலத்தையும் என் மேஜை மேல வை. இன்னைக்கு நான் பார்த்தாகணும்."

சான்று அழுதாள். கடிதம் போன வருத்தம் பாதி, மிஷின் நின்ற நிம்மதி பாதி. அழுது முடிக்கட்டும் என்று போர்மேன் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அலமாரியிலிருந்த பேனா இடம் மாறியிருந்தது. மதியமே அவள் போனில் சொல்லியிருந்தாள்.  கணவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

இனி மகள். அதைத்தான் காலையிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்திவிடலாம், போர்டை எப்படி நிறுத்துவது?

பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள். காதலி பொய், அம்மா விளையாட்டாகப் போட்டது, யாரும் கவனிக்காமல் அச்சுக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை நானே பள்ளிக்கு வந்து டீச்சரிடம் சொல்கிறேன். பிறகு உண்மையையும் சொன்னாள், கூவலையும் அக்கரைப் படகையும், முடிந்தவரை நன்றாகவே.  மகளின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"அவ்வளவு பேரும் எழுதிக்கிட்டாங்க," என்றாள் கடைசியில். குரல் உடைந்தது. "எங்கம்மா எழுதினதுன்னு சொன்னேன். அதனாலதான் எழுதிக்கிட்டாங்க."

"தெரியும்டா. தப்பு என்னோடது. உன்னோடது இல்ல."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.  "இது மட்டும் நிஜம்னு எப்படித் தெரியும்?"

"மூணு புத்தகத்துல பார்த்தேன்."

"அந்தத் தாள்லயும் பார்த்தேன்னுதாம்மா போட்டிருந்துச்சு."

 காலையிலிருந்து தலைமைப் பதிப்பாசிரியர் சொன்னதும், பக்கம் அமைப்பவர் சொன்னதும், கடிதம் போனதும் இந்த அளவுக்கு வலிக்கவில்லை. ஒன்பது வயதுப் பெண், அம்மா சொன்னால் வானம் பச்சை என்றாலும் நேற்றுவரை தலையாட்டியவள், பக்கத்தில் உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருந்தாள்.

சான்று கடிகாரத்தைப் பார்த்தாள். நூலகம் ஏழு மணி வரை திறந்திருக்கும்.

"செருப்பைப் போடு," என்றாள். "நீயே வந்து பாரு."